நாலு சாமக் காவல்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் உசிலம்பட்டிக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'கிறிஸ்தவ வாழ்வில் விழிப்பு'. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய், விழித்திருப்பதைப் பற்றிப் பேசச் சொன்ன நம் செயலாளரின் தைரியத்தை முதலில் பாராட்டுகிறேன். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பில்லை. ஏன் தப்பில்லை என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் இங்கே நிறைய இருக்கிறீர்கள். நான் சொல்லப்போவதில் பாதி, வேதத்தைத் திறக்காமலே உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

ஏனென்றால் காவல் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் யாரும் அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய மதுரைச் சீமையில் ஊர்க்காவல் என்பது ஒரு முழு ஏற்பாடு. ஊருக்கென்று காவல்காரக் குடும்பம் இருக்கும். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டிலேயே அவர்களுக்குரிய தானியத்தை அளந்து விடுவார்கள். பதிலுக்கு அவர்கள் செய்ய வேண்டியது என்ன? ராத்திரியில் ஒரு வீட்டு மாடு களவு போய்விட்டால், துப்புத் துலக்கி மீட்டுக் கொண்டுவர வேண்டும். முடியவில்லையா, ஈடு கட்ட வேண்டும். அந்த ரெண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். 'நான் பார்க்கலையே சாமி' என்பது அங்கே பதில் ஆகாது. பார்ப்பதற்குத்தானே தானியம் வாங்கினாய்? எசேக்கியேல் தீர்க்கதரிசி ஜாமக்காரனைப் பற்றிச் சொல்வதும் இதே கணக்குத்தான். பட்டயம் வருவதைக் கண்டும் அவன் எக்காளம் ஊதாமல் இருந்தால், செத்தவனுடைய ரத்தப்பழி ஜாமக்காரன் கையில் கேட்கப்படும். நம் முன்னோர்களுக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்கிச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அந்த ஏற்பாட்டுக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. தொலைந்த மாட்டைத் திருப்பிக் கொடுக்கப் பணம் வாங்குவது, அதாவது துப்புக்கூலி. வெள்ளைக்காரன் இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு முழு சமூகத்தையே பிறவிக் குற்றவாளி என்று எழுதிவிட்டான். 1911-ம் வருடத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் அடுத்த சில வருடங்களில் பிரமலைக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. சனங்கள் அதற்கு வைத்த பேர் ரேகைச் சட்டம். பேரைப் பதி, ரேகை வை, பொழுது சாய்ந்தால் சாவடியில் வந்து படு, வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்கு. இதை எதிர்த்து நின்றதற்காக 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரைக் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்.

இந்தக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். நான் இதை எடுத்ததற்குக் காரணம் வேறே. ஒரே இரவு, ஒரே ஊர், ரெண்டு விதமான கண். ஒன்று, ஊர்ச் சொத்து தன் பொறுப்பு என்று நினைத்துப் பார்த்த காவல்காரன் கண். இன்னொன்று, நீ எப்போது தப்புப் பண்ணுவாய் என்று பதிவேட்டை வைத்துக்கொண்டு பார்த்த சர்க்கார் கண். ரெண்டுக்கும் விழிப்பு என்றுதான் பேர். நம் சபைகளில் விழிப்பு என்று பிரசங்கம் பண்ணும்போது பல நேரம் இந்த ரெண்டாவது கண்ணைத்தான் பண்ணுகிறோம் என்பது என் அபிப்பிராயம். யார் சினிமாவுக்குப் போனான், யார் பொட்டு வைத்தாள், எந்தப் பையன் எந்தப் பெண்ணோடு பஸ் ஸ்டாண்டில் நின்றான், யார் ராப்போஜனத்துக்கு வரவில்லை. இது ரேகைச் சட்டம் அய்யா, ஆவிக்குரிய விழிப்பு அல்ல. இயேசு விழித்திருக்கச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துக்கொண்டிரு என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. அவர் கதைகளில் வருகிற ஊழியக்காரன் பார்ப்பது வாசலை. எஜமான் வருகிற வாசல்.

சரி, தூங்கலாம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பத்துக் கன்னியர் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறோம். ஐந்து பேர் புத்தியுள்ளவர்கள், ஐந்து பேர் புத்தியில்லாதவர்கள். மணவாளன் வரத் தாமதமானது. அப்புறம் என்ன நடந்தது? புத்தியில்லாத ஐந்து பேர் தூங்கிவிட்டார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மத்தேயு 25-ம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் மறுபடி வாசித்துப் பாருங்கள். பத்துப் பேருமே தூங்கினார்கள். புத்தியுள்ளவர்களும் நன்றாகவே தூங்கினார்கள். வித்தியாசம் கண்ணில் இல்லை, எண்ணெயில்.

இதை உசிலம்பட்டி வட்டாரத்து விவசாயிக்கு விளக்கவே வேண்டாம். பல வருஷம் தோட்டத்துக்கு மூணு பேஸ் கரண்டு ராத்திரியில்தான் வரும் என்று இருந்தது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சம்சாரி என்ன செய்வார்? மோட்டார் ரூம் ஓரத்தில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, ஒரு பல்பை மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார். கரண்டு வந்தால் பல்பு எரியும். வெளிச்சம் முகத்தில் விழுந்த மாத்திரத்தில் மண்வெட்டியோடு எழுந்து வாய்க்காலுக்குப் போவார். அவர் தூங்கினாரா, விழித்திருந்தாரா? உடம்பு தூங்கியது. மனசு கிணற்றடியில் நின்றது. மண்வெட்டி கட்டிலுக்குக் கீழே தயாராய் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து ராத்திரி பூராவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு முழித்தவர், ஆனால் மடை திறக்க மண்வெட்டி கொண்டுவர மறந்துவிட்டார் என்று வையுங்கள். அவர் முழித்ததால் மிளகாய்ச் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பாயுமா?

ராத்திரியை நாம் நாலு சாமமாகப் பிரிக்கிறோம். ஒரு சாமம் ஏழரை நாழிகை, மூன்று மணி நேரம். பழைய யூதர்களுக்கு இரவு மூன்று ஜாமம். ரோமர் ஆட்சிக்குப் பிறகு அங்கேயும் நாலு ஜாமக் கணக்கு வந்துவிட்டது. மாற்கு 13-ம் அதிகாரத்தின் கடைசியில் இயேசு எஜமான் வரும் நேரத்தைப் பற்றிச் சொல்கிறபோது அந்த நாலையும் வரிசையாகச் சொல்கிறார்: சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், விடியற்காலம். அதற்கு அடுத்த ரெண்டு அதிகாரங்களில் அவருடைய கடைசி இரவின் கதை வருகிறது. வேத ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தக் கடைசி இரவும் அதே நாலு சாமமாகத்தான் நகர்கிறது. சாயங்காலம் பந்தியில், கூட இருந்து சாப்பிட்ட ஒருவன் காட்டிக்கொடுக்கத் துணிகிறான். இரவு ஏறிய பிறகு கெத்செமனே தோட்டத்தில் மூன்று பேர் தூங்குகிறார்கள். சேவல் கூவும் நேரத்தில் பேதுரு மறுதலிக்கிறான். விடியற்காலையில் ஆலோசனைச் சங்கம் கூடி, கட்டி, பிலாத்துவிடம் ஒப்புக்கொடுக்கிறது. எஜமான் ஒவ்வொரு சாமத்திலும் வந்தார். ஒரு சாமத்திலும் ஆட்கள் தயாராய் இல்லை.

பேதுருவைப் பாருங்கள். அவன் விழுந்தது எந்த இடத்தில்? வாளை உருவிக்கொண்டு படைக்கு எதிரே நிற்கும்போது அல்ல. அங்கே அவன் தைரியசாலி. ஒரு வேலைக்காரப் பெண், குளிர்காயும் நெருப்போரத்தில், சாதாரணமாக 'நீயும் அவரோடு இருந்தவன்தானே' என்கிற மாதிரி கேட்டாள். அவ்வளவுதான். பெரிய சோதனைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் சின்னக் கேள்வியில் தடுக்கி விழுவார்கள். அதே பேதுரு வயசான காலத்தில் சபைகளுக்கு நிருபம் எழுதும்போது, தெளிந்த புத்தியோடு விழித்திருங்கள், எதிராளி சிங்கம் மாதிரி சுற்றித் திரிகிறான் என்று எச்சரிக்கிறார். கெத்செமனேயில் தூங்கின ஆள் எழுதினது என்று தெரிந்து அதை வாசித்தால் வேறே மாதிரி இருக்கிறது.

இனி இன்னொரு வகை விழிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலண்டர் விழிப்பு. வருகை இன்ன தேதியில் என்று கணக்குப் போடுகிறவர்கள். கேலியாகச் சொல்லவில்லை, இதில் நல்ல மனிதர்கள் சிக்கியிருக்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-ல் ஞானஸ்நானம் பெற்று, திருவிதாங்கூர்ச் சீமையில் குருவாக ஊழியம் செய்த ஜஸ்டஸ் ஜோசப் என்பவர் இருந்தார். வித்துவான்குட்டி என்பார்கள். பெரிய சங்கீத ஞானம். அவருடைய மலையாளக் கீர்த்தனைகள் இன்றும் கேரள ஆலயங்களில் ஒலிக்கின்றன. 1873 வாக்கில் அங்கே ஓர் எழுப்புதல் உண்டானது. சனங்கள் அழுதார்கள், பாவத்தை அறிக்கையிட்டார்கள். அந்த எழுப்புதலின் சூட்டில், ஆறு வருஷத்தில் கிறிஸ்து வருவார், 1881 என்று இவர் அறிவித்தார். சபையை விட்டுப் பிரிந்து ஒரு கூட்டமே அவர் பின்னால் போனது. 1881 வந்தது, போனது. அதற்குப் பிறகு, ஆண்டவர் ஆவியில் வந்துவிட்டார் என்று விளக்கம் சொல்லி யுயோமயம் என்று தனி மார்க்கமே ஏற்படுத்திக்கொண்டார்கள். எழுப்புதலில் அழுதவர்களுடைய கண்ணீர் நிஜம். தேதி மட்டும்தான் பொய். நூறு வருஷம் கழித்துக் கொரியாவில் இதே கதை. 1992 அக்டோபர் 28 என்று தேதி குறித்து, வேலையை விட்டு, சொத்தை விற்றுக் காத்திருந்தார்கள். அக்டோபர் 29-ம் விடிந்தது.

தேதி தெரிந்தவனுக்கு விழிப்பு எதற்கு? பரீட்சைத் தேதி தெரிந்த மாணவன் எப்போது படிக்கிறான் என்று பின்வரிசையில் கேளுங்கள், சொல்வார்கள். அந்த நாளும் நாழிகையும் தனக்கே தெரியாது என்று குமாரனே சொன்ன பிறகு, நமக்கு மட்டும் அட்டவணை எங்கிருந்து கிடைத்தது?

அதற்கு நேர் எதிரான ஆபத்து, எங்கே வரப்போகிறது என்று விட்டுவிடுவது. மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயில் உங்களில் ஐம்பது வயசு தாண்டினவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உசிலம்பட்டியில் ஏறி ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகப் போவோம். அகலப்பாதை போடப்போகிறோம் என்று 2010-ம் ஆண்டின் முடிவில் அதை நிறுத்தினார்கள். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், ஐந்து வருஷம். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதையில் ஆடு மேய்ந்தது. 'இனி எங்கிட்டு வரப்போகுது ரயிலு' என்பது டீக்கடைப் பேச்சானது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ரயிலையே பார்க்காமல் வளர்ந்தார்கள். பிறகு 2020 வாக்கில் சோதனை ஓட்டம் என்று என்ஜின் வந்தபோது, பாதைப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் ரயில் போய்ச் சேர்ந்தது. தாமதம் என்பது ரத்து அல்ல. ஆனால் பத்து வருஷத் தாமதம் மனுஷன் காதை மாற்றிவிடுகிறது. எஜமான் வர நாளாகும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்ட ஊழியக்காரன் என்ன செய்தான் என்று இயேசு சொல்கிறார் பாருங்கள். அவன் உட்கார்ந்து தேவதூஷணம் பண்ணவில்லை. கூட வேலை செய்கிறவர்களை அடிக்க ஆரம்பித்தான். விழிப்பு போனதற்கு முதல் அடையாளம் அதுதான். ஜெபம் குறைவது பிறகு. தனக்குக் கீழே இருக்கிறவனை நடத்தும் விதம் முதலில் மாறும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கொஞ்சம் கஷ்டமான பேச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1606-ல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். 1834-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். பசுமலையில் இறையியல் பள்ளி, பிறகு கல்லூரி, ஆஸ்பத்திரி, விடுதி, கிராமந்தோறும் சின்னச் சின்ன ஆலயம், பள்ளிக்கூடம். 1970-ல் இந்தப் பக்கத்துக் கருமாத்தூரிலேயே சேசு சபையார் கல்லூரி தொடங்கினார்கள். இதெல்லாம் பெருமைப்பட வேண்டிய வரலாறு. 1986 ஜூன் மாதம் 'இந்தியா டுடே' ஒரு கட்டுரை வெளியிட்டது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண் சிசுக்களைக் கொல்கிறார்கள் என்று. எருக்கம்பால் என்ற சொல்லை நாடு முழுக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. அப்போது மதுரைக் கிறிஸ்தவத்துக்கு வயசு 380.

அந்த 380 வருஷத்தில் பகலில் நாம் நிறையச் செய்தோம். ராத்திரியில் கூரை வீட்டுக்குள் ஒரு பச்சைக் குழந்தையின் சத்தம் நின்றுபோனதை ஒரு பத்திரிகைக்காரர் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. மணி அடித்தது, ஆராதனை நடந்தது, லெந்து நாட்களில் உபவாசம் இருந்தோம், டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனைக்குப் புதுத்துணி உடுத்திக் கண் விழித்தோம். காவல் தானியம் வாங்கினவன் கணக்கில் இதைப் பாருங்கள்.

செய்தி வந்த பிறகு எல்லாரும் வந்தார்கள். இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம் போன்ற அமைப்புகள் இங்கே தங்கி வேலை செய்தன. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிவித்தது. 1994-ல் பாரதிராஜா 'கருத்தம்மா' எடுத்தார். அதே வருஷம் கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. ஆனால் வெளியூரில் உசிலம்பட்டி என்றாலே ஒரு மாதிரிப் பார்க்கிற பழக்கமும் அப்போதுதான் வந்தது. அது ஒரு சாதியின் குணம், ஒரு ஊரின் குணம் என்று சொல்லிவிட்டு மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாய்த் தூங்கப் போனார்கள். மறுபடியும் பழைய பதிவேட்டுக் கண். நான் இந்த மேடையில் நின்று அதற்கு உடன்பட மாட்டேன். எருக்கம்பால் ஏழையின் ஆயுதம். பணம் உள்ளவன், படித்தவன், டவுன்காரன் ஸ்கேன் சென்டருக்குப் போனான். 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயசு வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 948 பெண் குழந்தைகள். 2001-ல் 942. 2011-ல் 943. இந்த இருபது வருஷத்தில் எத்தனை கல்லூரி வந்தது, எத்தனை பேர் பட்டம் வாங்கினோம்! அந்த எண் மட்டும் ஏறவில்லை.

பேதுரு சொன்ன சிங்கம் கெர்ச்சித்தது. நம் காலத்துச் சிங்கம் சத்தமே போடுவதில்லை. ஏசி ரூமில் உட்கார்ந்து, ரசீது கொடுக்காமல், கண்ணை மட்டும் காட்டும்.

நான் இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தவன். காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பேர் வாசிப்பேன். 'போதும்பொண்ணு' என்று வாசித்தால் ஒரு பிள்ளை எழுந்து நின்று 'உள்ளேன் அய்யா' என்னும். இந்த மேடையில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பேரின் கதை தெரியும், மாணவர்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், இதோடு போதும் சாமி, அடுத்ததாவது ஆணாகக் கொடு என்று வைக்கிற பேர். தான் வேண்டாத பிள்ளை என்பதை ஒரு நாளைக்கு நூறு தடவை தன் பேராகக் கேட்டுக்கொண்டு வளர்கிற பிள்ளை, 'உள்ளேன்' என்று சொல்கிறது. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் மாதிரி என்னை உலுக்கி எழுப்பினது ஒன்றும் இல்லை. அவர்களில் ஒரு பெண் பிறகு செவிலியர் படிப்பு முடித்தாள். சர்டிபிகேட்டில் பேரை மாற்றிக்கொள்ளலாமே அம்மா என்று கேட்டதற்கு, 'இருக்கட்டும் சார், எங்க அப்பா இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டே பெருமப்படட்டும்' என்று சிரித்தாள்.

இதை ஏன் கிறிஸ்தவ வாழ்வின் விழிப்பு என்ற தலைப்பில் பேசுகிறாய், இது சமூகப் பிரச்சினை அல்லவா என்று யாராவது நினைக்கலாம். பிரச்சினையின் வேர் எங்கே என்று பாருங்கள். பெண் என்றால் செலவு. செலவு என்றால் நகை, ரொக்கம், வண்டி. நம் ஆலயங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதாவது உண்டானால் தெரிவிக்க வேண்டும் என்று குரு கேட்கிறார். மூன்று வாரம்! சபை முழுக்க மௌனம். எத்தனை பவுன் என்று சபைக்குத் தெரியும். பெண் வீட்டார் எந்தத் தோட்டத்தை அடமானம் வைத்தார்கள் என்றும் தெரியும். அது தடை இல்லையா? ரத்த உறவு முறை தப்பினால் தடை, ஏற்கெனவே மனைவி இருந்தால் தடை, ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளுவது தடை இல்லை என்று எந்த வேதத்தில் இருக்கிறது? திருச்சபை விழித்திருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் டிசம்பர் 31 ராத்திரிக் கூட்டத்தை எண்ண மாட்டேன். ஓலை வாசிக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போய் உட்காருவேன்.

அரசாங்கச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, வரதட்சணைத் தடைச் சட்டம். சட்டம் வெளியே நிற்கிற போலீஸ்காரர். அவரால் மனசுக்குள் நுழைய முடியாது. மாப்பிள்ளையாக நிற்கப்போகிற தம்பிகளே, 'எங்க வீட்டுல எதுவும் கேக்கல, அவுங்களா செய்றாங்க' என்கிற வாக்கியத்தை நீங்கள் இன்னும் கொஞ்ச வருஷத்தில் சொல்லத்தான் போகிறீர்கள். அந்த வாக்கியம் வாயில் வரும்போது சேவல் கூவுகிற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். தங்கைகளே, உங்களுக்கு எத்தனை பவுன் என்று வீட்டில் பேசும்போது, எழுந்து உள்ளே போய்விடாதீர்கள். அங்கேயே உட்காருங்கள்.

தனி வாழ்க்கையைப் பற்றி ரெண்டு வார்த்தை. நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் தவம் இருந்த சந்நியாசிகளில் எவாக்ரியஸ் என்று ஒருவர், 399-ல் இறந்தவர். மனுஷனைக் கெடுக்கிற எட்டு வகை நினைவுகளை எழுதி வைத்தார். அதில் மிகவும் பொல்லாதது என்று அவர் சொல்வது பெருந்தீனியும் அல்ல, காமமும் அல்ல. சலிப்பு. அதற்கு அவர் வைத்த பேர் நண்பகல் பேய். உச்சிவெயிலில் தனியாகப் போகாதே, உச்சிவேளையில் முனி அடிக்கும் என்று நம் ஆத்தாமார் சொல்வார்களே, கிட்டத்தட்ட அது. அந்தப் பேய் வந்தால் சந்நியாசி என்ன செய்வாராம்? சூரியன் நகர்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவார். யாராவது சகோதரர் பேச வருகிறாரா என்று பார்ப்பார். இந்த இடம் சரியில்லை, வேறே மடத்துக்குப் போனால் உருப்படலாம் என்று தோன்றும். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் எழுதினதைக் கேட்டால், விடுதி அறையில் மத்தியானம் செல்போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கிற பையனை நேரில் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது. அவர் சொன்ன மருந்து எளிது: இருக்கிற இடத்தை விட்டு எழுந்து ஓடாதே, கையில் இருக்கிற வேலையை முடி.

இக்னேஷியஸ் லொயோலா தம்முடைய ஆட்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தரம், மத்தியானமும் இரவும், தன்னைத்தானே சோதித்துப் பார்க்கச் சொன்னார். நமக்கு ரெண்டு வேளை முடியாது, ஒரு வேளையாவது முடியும். உசிலம்பட்டிப் பூ மார்க்கெட்டில் கல்லாவை எண்ணாமல் கடையைச் சாத்துகிற வியாபாரி உண்டா? எவ்வளவு அலுப்பாய் இருந்தாலும் எண்ணிவிட்டுத்தான் போவார். படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம். இன்றைக்கு யாரிடம் கடுமையாகப் பேசினேன்? எது எனக்குக் கண்ணில் பட்டும் படாத மாதிரி வந்துவிட்டேன்? நாளைக்கு யாருக்கு என்ன செய்ய வேண்டும்? பாவப் பட்டியல் எழுதி அழுவதற்காக இல்லை. நல்லதும் எண்ணத்தான் வேண்டும். பேரேட்டில் வரவு பக்கம் ஒன்று இருக்கிறது அல்லவா? அதற்குப் பிறகு நிம்மதியாய்த் தூங்குங்கள். மண்வெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கட்டும்.

நம் சங்கத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு உட்காருகிறேன். இந்த மலரில் எத்தனையோ விளம்பரம் போடுகிறோம், வாழ்த்துச் செய்தி போடுகிறோம். அடுத்த மலரில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இந்த வருஷத்தில் வரதட்சணை கொடுக்காமலும் வாங்காமலும் கல்யாணம் முடித்த நம் பழைய மாணவர்கள், மாணவிகள் பேரைப் போடுங்கள். போட்டோ வேண்டாம், பேர் மட்டும். முதல் வருஷம் பக்கம் காலியாகக்கூட இருக்கும், பரவாயில்லை, காலியாகவே அச்சடியுங்கள். செயலாளர் அய்யா கடிகாரத்தைக் காட்டுகிறார். வெளியே டீயும் வடையும் தயாராகிவிட்டதாம். பின்வரிசைத் தம்பிமார் எனக்கு முந்தியே எழுந்துவிட்டார்கள்.